ஷேடு மாறிய ஜோடி

அம்மணி,

இன்று காலை ஆபீஸ் ரூமில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் பழைய ஸ்விட்ச் பெட்டியைக் கழற்றினார்கள். நெட்வொர்க் வேலைக்கு வந்த ஆள் ஒரு ரப்பர் மூடியை மேசைமேல் விட்டுப் போய்விட்டார். கண்ணாடி இழை ஒயரின் முனையை மூடுவது, சுண்டுவிரல் நகம் அளவுதான். அதைக் கண்டதும் உன் குரல் கேட்டது. “கண்ணாடி ஒயரு முனைய எட்டிப் பாத்துராதீங்கத்தெ. உள்ள வெளிச்சம் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கண்ணத்தான் கெடுத்துப்போடும்.” நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது. மருமகள் குரல் மாமியாருக்கு இத்தனை தெளிவாகக் கேட்கக் கூடாது.

வீரபாண்டியில் நம் தையல் கட்டடத்துக்கும் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பேக்கிங் கட்டடத்துக்கும் முதலில் செப்பு ஒயர்தான் ஓடியது. இடி இறங்கி இரண்டு தரம் பெட்டி கருகியது. “கண்ணாடி ஒயருக்கு இடி பயமில்லீங்கத்தெ” என்று நீதான் சொன்னாய். டேப்பைப் பிடித்துத் தூரம் அளந்தாய். கிட்டத்துக்கு ஒரு ரகம், தூரத்துக்கு ஒரு ரகமாம். நாளைக்குக் குடோனையும் சேர்க்கலாம் என்று தூரத்து ரகத்தை, மஞ்சள் உறை போட்டதை எடுத்தாய். ஒரே இழை, போவதும் வருவதும் அதிலேயே. முனைக்கு ஒன்றாகப் பெட்டியில் செருக விரல் நீளத்தில் இரண்டு பீஸ் வந்தன. ஒன்றின் பிடி நீலம், மற்றது ஊதா.

முப்பது வருஷம் துணிக்கு ஷேடு பார்த்தவள் நான். முன்பக்கம் ஒரு நீலம், கை ஒரு நீலம் என்று வந்தால் லாட்டையே திருப்பி அனுப்பியவள். அன்று நீ அமராவதி நகர் ஹாஸ்டலுக்குப் பையனைப் பார்க்கப் போயிருந்தாய். கடை ஆள் மீதி ஒயரைக் கொண்டுவந்தான். “ஏனப்பா, ஜோடி மாத்திக் குடுத்திருக்கறீங்க?” என்று கேட்டு ஊதாவைத் திருப்பிக் கொடுத்து, இன்னொரு நீலத்தை வாங்கி வைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. கடைக்காரன் தப்பைத் திருத்தினேன், இதில் சொல்ல என்ன இருக்கிறது?

நீ வந்து மாட்டினாய். பெட்டியில் பச்சை விளக்கு எரியவில்லை. மறுநாள் சரக்கு எடுக்கும் பையர் ஆட்கள் வருகிறார்கள். பேக்கிங் விவரம் கம்ப்யூட்டரில் வராவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும். நீ சாலையைக் கடந்து கடந்து நடந்தாய். முனையைத் துடைத்தாய். கடைசியில் அந்தக் கட்டடத்துப் பீஸைக் கைக்குள் மூடிக்கொண்டு வந்து, இங்கே இருந்ததையும் கழற்றிப் பார்த்தாய். பிறகு என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாய். அப்போது நான் டெய்லர்கள் முன்னால் சொல்லிக்கொண்டிருந்தேன். “படிச்சவ வாங்கியாந்த லட்சணத்தப் பாருங்க. எம்பட கையில உட்டிருந்தா இந்நேரம் எரிஞ்சிருக்கும்.”

“ஆமாங்கத்தெ. நாந்தான் பாக்காம வாங்கிப்போட்டேன்” என்றாய். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நீயே கடைக்குப் போய் மாற்றி வந்தாய். சாயங்காலம் பச்சை எரிந்தது.

அந்த ஒரு நாளை நான் உன்மேல் குற்றமாக வைத்துக்கொண்டேன். என் கல்யாணப் பந்தியில் எனக்கு அப்பளம் வைக்காமல் போனவளையே இன்னும் மறக்காதவள், உன்னை விடுவேனா? வந்த உறவுக்காரிகளிடம் எல்லாம் சொன்னேன். நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நர்ஸிடமும் சொன்னேன். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

ஒரு பீஸ் இங்கே, ஒரு பீஸ் அங்கே, நடுவில் சாலை. மாட்டிய ஜோடியை நான் ஒன்றாகப் பார்க்கவே இல்லை. இன்று வந்த ஆள்தான் இரண்டையும் கழற்றி மேசையில் போட்டார். நீலம் ஒன்று, ஊதா ஒன்று.

“இதென்னப்பா, ஜோடி மாறியிருக்குது?”

தெற்கத்தி ஆள், சிரித்தார். “இப்படித்தான் பாட்டி இருக்கணும். நீலம் பேசுறத ஊதா கேக்கும், ஊதா பேசுறத நீலம் கேக்கும். ரெண்டும் நீலமாப் போட்டா ரெண்டும் பேசிக்கிட்டே இருக்கும், ஒண்ணும் கேக்காது.”

நீ நிமிர்ந்து பார்த்த பார்வை என்னிடம் அப்படியே இருக்கிறது, அம்மணி. நெற்றியில் ஒட்டியிருந்த பஞ்சு வரைக்கும். பயந்துபோய்ப் பார்த்தாய் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

இரண்டு பீஸையும் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். புதுப் பெட்டியில் பச்சை மின்னி மின்னி எரிகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நீ ஏதோ சொல்கிற மாதிரி. அவ்வப்போது முடிச்சை அவிழ்த்துப் பார்க்கிறேன். ஷேடு சரியில்லை என்று என் கண் இப்போதும் சொல்கிறது. சும்மா இரு என்கிறேன்.