காக்காவைத் தாத்தா என்றவள்

என் அன்பு மனைவிக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலம்தானே? மாமாவின் முட்டிவலி தேவலையா? ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்த வாரம் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் இடத்தில் பெயிண்ட் வேலை. ஏணியில் ஒரு படி தவறிக் கால் லேசாகச் சுளுக்கிவிட்டது. பயப்படாதே, நடக்கிறேன். ஓரமாக உட்கார வைத்தார்கள். பக்கத்து அறையில் ஒரு குழந்தை கையைக் காட்டி "தை" என்றது, கண்ணைக் காட்டி "தண்ணு" என்றது. அப்படியே நம் பாப்பா!

பயிற்சி தரும் அம்மா வெளியே வந்ததும் கேட்டேன். "என் பொண்ணுக்கு மூணு வயசு மேடம். காக்காவைத் தாத்தாங்கிறா. ஏதாவது குறையா?"

அவர் சிரித்தார். "நாக்கோட பின்பக்கம் எழும்பினாத்தான் 'க' வரும். சின்னதுங்க நுனி நாக்கால சமாளிக்கும், 'த' வந்துடும். நாலு வயசுக்குள்ள பெரும்பாலும் தானா சரியாயிடும். அதுக்கப்புறமும் இருந்தா கூட்டிட்டு வாங்க. அதட்டாதீங்க. 'ஆமா, காக்கா'ன்னு நீங்க சரியா சொன்னா போதும்."

எனக்குச் சுருக்கென்றது. போன மாதம் "ஒழுங்கா சொல்லு!" என்று ஃபோனில் அதட்டியவன் நான்தானே. அன்றிலிருந்து என் குரல் கேட்டாலே அவள் ஓடிவிடுகிறாள்.

மாமாவிடமும் சொல், யாரும் கேலி செய்ய வேண்டாம். அவள் போட்டோ ஒன்று அனுப்பு. மேஸ்திரி கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்கிறேன். அவளை இழுத்து வராதே. அவள் விளையாடும் இடத்தில் ஃபோனை வைத்துவிட்டுப் போ. பொம்மையோடு பேசட்டும். நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.