பித்தான் மாறிய நாள்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலம்தானே? என் கையெழுத்து கோணியிருப்பதைப் பார்த்துப் பதறாதே. திங்கட்கிழமை விடுதி வேலைக்குத் திரும்பிவிடுவேன்.

போன மாதம் எனக்கு ஃப்ளூ வந்தது. காய்ச்சல் விட்டுப் பத்து நாள் கழித்து, கோட்டுப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனேன்.

“ஊரையே திருத்துற வார்டனம்மாவா இப்படி? எங்க, கொஞ்சம் சிரிங்க பாப்போம்,” என்றார் சமையல்காரம்மா. ஒரு பக்கம்தான் சிரித்தேனாம். உடனே ஆம்புலன்சை அழைத்துவிட்டார். லேசான பக்கவாதம். நேரத்தோடு மருந்து ஏற்றியதால் பிழைத்தேன்.

வைரஸ் காய்ச்சல் வந்துபோன பின் சில வாரங்களுக்கு ரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் ஆபத்து அதிகமாம். டாக்டர் சொன்னார். உன் அப்பாவுக்கும் அன்று காய்ச்சல் விட்டு ஒன்பதாம் நாள்தான். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

“அம்மா, அப்பாவுக்குப் பேச்சு குழறுது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா,” என்றாய்.

“காய்ச்சல் அசதிடி. எனக்குப் பாடம் நடத்தாதே,” என்றேன். எல்லாப் பித்தானையும் கழற்றி மறுபடி போட்டுவிட்டேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். நேராக நில்லுங்கள் என்றேன். சாயங்காலத்துக்குள் போய்விட்டார்.

நீ சொன்னதுதான் சரி. இதை எழுத எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், விட்ட பிறகும் முகத்தைக் கவனி.

பித்தான் இல்லாத ஸ்வெட்டர் இரண்டு அனுப்பு. வலது கை விரல்கள் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை, போட்டுவிடச் சொல்லி யாரைக் கேட்பது? நீ எடுத்துப்போன அப்பாவின் அந்தச் சட்டையையும் கூட வை. தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

அம்மா