காரணம் தெரியாத தழும்பு

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் தோளில் தையல் பிரித்தாகிவிட்டது, புண்ணும் காய்ந்துவிட்டது. தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அதிலிருந்து அவன் துரை மாதிரி எழுந்திருக்கும் அழகைப் பார்க்க வேண்டுமே. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, அப்பா இன்னும் நாளைக்கு நாளைக்கு என்கிறார்.

இங்கே டாக்டர் வெறும் கொழுப்புக் கட்டி, விட்டுவிடுங்கள் என்றபோது, அழுத்தினால் விரல் வரை சுரீரென்று இழுக்கிறதா என்று போனில் கேட்டவள் டாக்டருக்குப் படிக்கிற நீதான். கொழுப்புக் கட்டி அப்படி இழுக்காதும்மா, நரம்போட உறையிலேர்ந்து வளர்ந்திருக்கும், எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லு என்றாய். எடுத்த கட்டிக்குத் தனிச் சாயம் ஏற்றிப் பார்த்து, அபூர்வமான நரம்புக் கட்டி, கெடுதல் இல்லாதது என்று முடிவு வந்ததும், எதிரே வந்தவர்களிடமெல்லாம் உன்னைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன்.

தையல் பிரிக்கப் போன அன்று, பயிற்சிக்கு வந்திருந்த சின்ன டாக்டர் என் பயத்தைப் போக்குவதாக நினைத்துக் கணினியைத் திருப்பினார். உங்களுக்கு வந்த மாதிரியே இன்னொருத்தங்களுக்கும் வந்திருக்கு பாருங்கம்மா, கருத்தரங்குல காட்டின படம் என்றார். துணி விலகிய என் தோள். கட்டிக்குப் பக்கத்தில் பிறை மாதிரி அந்தத் தழும்பு, சின்ன வயதில் உனக்கு ஊசி போடத் தூக்கிப் பிடித்திருந்தபோது நீ கடித்தது. நடுத்தர வயதுப் பெண், அருகில் பழைய தழும்பு, காரணம் தெரியவில்லை என்று கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே உன் பெயர். ஆமாம் டாக்டர், என்னை மாதிரியேதான் இருக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பாவைக் கேட்டால், அவ எங்கிட்ட கேட்டா, முகம் தெரியாதுன்னா, நானும் சரின்னேன், நம்ம வீட்டுல யாரு திரையில வந்திருக்கா, உன் தோளாவது வந்துச்சே என்று சிரிக்கிறார். எனக்கு மட்டும் அனுப்பும்மா, பார்த்துட்டு அழிச்சிடறேன் என்றாயே, அதை நம்பிக் குளியலறைக் கதவைத் தாழிட்டுக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து எடுத்த படம் அது. தோள் என்னுடையது, சம்மதம் அவருடையதா? என்னைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், அதுதான் தாங்கவில்லை. முகத்தை மறைத்தாய், சரி. உன் பல்லையுமா மறைக்க வேண்டும்?

நீ படித்து மேலே மேலே வர வேண்டும், நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இன்னொன்று. இந்தக் கட்டி ஒன்றுக்கு மேல் வந்தால் வேறு மாதிரி யோசிக்கணும் என்று சொல்லியிருந்தாய். வந்திருக்கிறது. அழுத்தினால் சுரீரென்கிறது. எங்கே என்று அப்பாவுக்கும் தெரியாது, டாக்டருக்கும் காட்டவில்லை. படம் எடுக்க மாட்டேன். நீ வந்து உன் விரலால் தொட்டுப் பார்த்துச் சொல்.

உன் அம்மா