எரியாத மடம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ உடம்பும் மனசுமாகச் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறோம், அதைச் சுகம் என்று எழுதலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். என் முழங்கால் மாடிப்படியைக் கண்டாலே முனகுகிறது. குளியலறையில் தண்ணீர் கசிகிறது என்று குழாய்க்காரரைக் கூப்பிட்டேன், சுவரையே உடைக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, போன தடவை படத்தில் கன்னம் ஒட்டிப்போய் இருந்தது. அப்பாவும் அண்ணனும் ஏன் பேசிக்கொள்வதில்லை என்று போனில் கேட்டாய், நான் பேச்சை மாற்றிவிட்டேன். அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார், கண் போனாலும் காது நன்றாகக் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

உங்கப்பா அகழாய்வுக்குத் தோண்டின அந்த மேட்டுக் கதை உனக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் பிறக்கும் முன்னால் நடந்தது. செங்கல் சுவருக்குக் கீழே ஆள் உயரத்துக்குச் சாம்பலும் கருகின எலும்பும் கிடைத்தன. இது புத்தத் துறவிகள் தங்கிய மடம், அவர்களைப் பிடிக்காத ஒரு ராஜா உள்ளே வைத்துக் கொளுத்திவிட்டான் என்று எழுதினார். அந்த ஒரு எழுத்தில்தான் பேர், பதவி எல்லாம் வந்தது. பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில்கூடப் போட்டார்கள். குழியின் படங்கள் அத்தனையும் நான் வரைந்தவை. ஓட்டுத்துண்டு ஒவ்வொன்றையும் அளந்து மையில் வரைவது என் வேலை, அதற்கு அர்த்தம் சொல்வது அவர் வேலை. வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

உன் அண்ணன் அவரிடமே படித்து அவர் துறையிலேயே வேலைக்குச் சேர்ந்தான். புதிதாக யார் வந்தாலும், இவன் என் பிள்ளை, அதைத் தவிர இவனைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே அறிமுகம் செய்வார். அவனும் சிரிப்பான். பல்லைக் கடித்துக்கொண்டும் சிரிக்க முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

பழைய மாணவர்கள் எல்லாம் சேர்ந்து உங்கப்பாவுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். என் மகன் பேசியே ஆகணும், அவன் வாயால் நான் கேட்கணும் என்று அடம்பிடித்தவர் இவர்தான். தானாகப் போய்த் தலையைக் கொடுத்தார். அந்த மேட்டுக்குப் பக்கத்திலேயே பெரியவன் சத்தமில்லாமல் தோண்டியிருக்கிறான், எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. மேடையில் நின்று குரலை உயர்த்தாமல், வகுப்பெடுக்கிற மாதிரி சொன்னான். சாம்பல் ஒரே நாளில் விழுந்தது இல்லையாம், பல தலைமுறையாக அடுக்கடுக்காகச் சேர்ந்ததாம். எலும்பெல்லாம் ஆடும் மாடுமாம். அது குயவர்களின் சூளைக் குப்பை என்று சந்தேகப்பட எல்லா நியாயமும் இருக்கிறது என்றான். அதோடு நிறுத்தியிருந்தால் அது படிப்பு. அப்பாவைப் பார்த்துத் திரும்பி, இங்க எந்த ராஜாவும் வரல, எரிஞ்சது மடம் இல்ல, பானை என்றான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. அப்பா மடியில் கேடயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வரும்போது பெரியவன் என் கையைப் பிடித்து, அம்மா உன் படமெல்லாம் சரிதான், அதுக்குக் கீழ எழுதினதுதான் பொய் என்று ஆறுதல் சொன்னான். கையை உதறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உங்கப்பா சாப்பிட்டார், என்றுமில்லாத திருநாளாகத் தட்டைத் தானே கழுவினார். மறுநாள் பரண்மேல் இருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே வெந்து உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போன பானைகள், சூளைச் சுவரின் கண்ணாடி மாதிரி பளபளக்கிற துண்டுகள். இத்தனை வருஷத்தில் இதை மட்டும் அவர் என்னிடம் வரையக் கொடுத்ததே இல்லை. அப்போ உங்களுக்கு முதல்லேர்ந்தே தெரியுமா என்று கேட்டேன்.  அது பானைன்னு தெரியும், எனக்கு மடம் தேவைப்பட்டுச்சு என்றார்.

அடுத்து அவர் செய்ததைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். பெரியவன் இதைப் பற்றின தன் புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்திருந்தான். அது வெளிவருவதற்கு முன்னால் இவர் ஒரு கட்டுரை எழுதிவிட்டார். நான் அன்று தவறிவிட்டேன், அது மடமில்லை, சூளைதான், இதோ ஆதாரம் என்று பெட்டியில் இருந்ததை எல்லாம் வரிசையாக வைத்து. வாயால் அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன், படமும் நான்தான் வரைந்தேன். அவமானத்தைத் துடைக்கிறார் என்று நினைத்தேன், மண்டு நான். கடைசி வரி வரைக்கும் எழுதின பிறகுதான் உறைத்தது, பெரியவன் பேர் ஒரு இடத்திலும் இல்லை. விழாவில் அவன் பேசினது பற்றிப் பேச்சே இல்லை. எனக்கு மட்டும் நன்றி.

கட்டுரை வந்ததும் உலகமே கொண்டாடியது. இந்த வயதில் தன் தவற்றைத் தானே ஒப்புக்கொள்கிற நேர்மை யாருக்கு வரும் என்று அன்றைக்குச் சிரித்த அதே ஆட்கள் எழுதினார்கள். இது இப்போது பழைய சேதி என்று பதிப்பாளர் பெரியவன் புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அவன் வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று, ஒரு அடிக்குறிப்புலயாவது என் பேரைப் போட்டிருக்கலாமேப்பா என்று கேட்டான்.  உங்கப்பா அவன் நிற்கிற பக்கமாக முகத்தைத் திருப்பி, உங்கிட்ட இருந்தது சந்தேகம், எங்கிட்ட இருந்தது ஆதாரம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, அவனுக்கு டீ போடு என்றார். டீ கொதிப்பதற்குள் அவன் போய்விட்டான்.

சாப்பாட்டு மேஜையில் உங்கள் இரண்டு பேருக்கும் மகத ராஜா கதை சொல்வாரே, நினைவிருக்கிறதா? பிம்பிசாரனை மகன் அஜாதசத்ரு சிறையில் போட்டுப் பட்டினியால் கொன்றது, ராணி ஒளித்து ஒளித்துச் சோறு கொண்டுபோனது. அந்த மகனை அவன் மகன் கொன்றான், அவனையும் அவன் மகன் கொன்றான், இது அப்பனைக் கொல்லும் வம்சம் என்று ஜனங்களே கடைசியில் விரட்டிவிட்டார்கள் என்று பழைய பௌத்தக் கதைகள் சொல்வதாக முடிப்பார். நீங்கள் வாயைப் பிளந்து கேட்பீர்கள். நம் வீட்டில் அப்பன் முந்திக்கொண்டான், அவ்வளவுதான் வித்தியாசம். ராணிக்கு அந்தக் கதையில் பேச்சே கிடையாது, சோறு மட்டும்தான்.

உன் அண்ணன் வகுப்பெடுப்பதை விட்டுவிட்டு, தானே கேட்டு வாங்கிக்கொண்டு பரீட்சைப் பிரிவுக்குப் போய்விட்டான். எந்த அறையில் எந்தப் பிள்ளை உட்காரணும் என்று எண் ஒட்டுகிறான். வீட்டில் ஒரு புத்தகம்கூட இருக்கக் கூடாது என்று எடைக்குப் போட்டுவிட்டதாக உன் அண்ணி அழுதாள். அதை உங்கப்பாவிடம் சொன்னேன், ஒரு பெருமூச்சாவது வரும் என்று பார்த்தேன். நல்ல வேலை, அதுல தப்பு நடக்காது என்றார். அன்றைக்கு நான் பேனாவை மூடினேன். இனி உங்களுக்கு ஒரு கோடுகூடப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாராட்டி வருகிற கடிதங்களை வாசித்துக் காட்டச் சொல்கிறார், வாசிக்கிறேன், அவர் பேர் வருகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு. அவருக்குப் புரிகிறது. கேட்பதில்லை. என்னிடமும் இவ்வளவு விஷம் இருக்கிறது கண்ணு, பார்த்துக்கொள்.

இப்போது உன் முறை. அவதான் என் வாரிசு, அருங்காட்சியகத்துல உடைஞ்சதை ஒட்டிக்கிட்டு இருக்க வேண்டியவளா அவ என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். யாரையாவது வைத்து உனக்கு எழுதுவார். நீ கேட்டிராத அளவுக்குத் தேனாக எழுதுவார், அறை நிறையப் புத்தகம், குறிப்பு, பெட்டி எல்லாம் உனக்குத்தான் என்பார். கண் தெரியவில்லை, தனியாக இருக்கிறேன் என்பார். அது இரண்டும் உண்மை, அதனால்தான் பயமாக இருக்கிறது. அவரைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன், சோறு போடுவேன், கையைப் பிடித்து நடத்துவேன், ஒரு குறையும் வைக்க மாட்டேன். நீ வராதே. உன்னைப் பார்க்காமல் எனக்கு நெஞ்சு அடைக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன், வராதே.

அங்கேயே வேரூன்றித் தழைத்து இரு. நீ ஒட்டுகிற சட்டியெல்லாம் வெறும் சட்டியாகவே இருக்கட்டும், அதில் யாரும் ராஜாவைத் தேடாமல் இருக்கட்டும். நூறு வயது இருப்பாய். இதைப் பற்றிப் போனில் ஒன்றும் கேட்காதே, மழை பெய்கிறதா என்று மட்டும் கேள், பெய்கிறது என்று சொன்னால் கடிதம் கிடைத்ததை நான் புரிந்துகொண்டேன் என்று வைத்துக்கொள். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் வா. பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடு, யார் எதைக் கொடுத்தாலும் வெறுங்கையோடு போ.

இப்படிக்கு,
உன்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெருவில் கார் நின்றால் எட்டிப் பார்க்கிற
உன் அம்மா