ஹாரன் நின்ற ஊர்

கூலிம்
03.03.2025

அன்புள்ள ஃபெலிசியா அக்கா,

இன்று திங்கள், மார்ச் 3, காலை மணி 6.10. நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடி, நம் ஊர் சிடாம் கிரியில் ஏழு பேருக்கு என் போனிலிருந்தே ஆப்பில் வேன் பதிந்திருக்கிறேன். முதல் பெயர் நம் அம்மா, சுங்கைப் பட்டாணியில் டயாலிசிஸ். வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நீ கொரியாவில் பார்த்துவிட்டு வந்து உன் அமைச்சுக்கு எழுதிக் கொடுத்த திட்டம்தானே இது? அங்கே வயதானவர்கள் போன் போட்டால் ஓர் ஆள் எடுத்துப் பேசுவார், வேன் வாசலுக்கே வரும் என்றாய். இங்கே வந்து சேர்வதற்குள் அந்த ஆள் எங்கே இறங்கிவிட்டார்? ஆப் மட்டும் வந்தது. இருந்த பஸ்ஸும் போனது. காளிதாசன் அண்ணன் சர்ச் முன்னால் பஸ்ஸை நிறுத்தி இரண்டு ஹாரன் அடிப்பார், ஊரே ஏறும். பக்கத்து வீட்டு லோகேஸ்வரி அக்கா சொல்கிறார்: "முன்ன ஹாரன் கேட்டா போதும் தம்பி. இப்ப வேன் ஏற பாஸ்வேர்ட் கேக்குதுலா!"

அந்த ஆளைக் கொண்டு வா. இல்லையேல் பஸ்ஸை விடச் சொல்.

தம்பி,
அட்ரியன்


புத்ராஜெயா
12.03.2025

அன்புத் தம்பி,

அம்மா எப்படி இருக்கிறார்? தவக்காலத்தில் இறைச்சி இல்லை என்று கருவாட்டைத் தொடப்போகிறார். உப்பு ஆகாது, பார்த்துக்கொள்.

நான் எழுதியதில் போன் எடுக்கும் ஆள் இருந்தார். செலவென்று மேலே வெட்டிவிட்டார்கள். சண்டையும் போட்டேன். ஆனால் கோபப்படாமல் கேள்: எல்லா இடங்களையும்விட சிடாம் கிரியில்தான் அதிகம் பதிகிறார்களாம். ஆளே தேவையில்லை என்பதற்கு நம் ஊரைத்தான் காட்டுகிறார்கள். ஜூனில் சுங்கை லாலாங்கிலும் பஸ்ஸை நிறுத்திவிட்டு இதே வேன்தான். நம் ஊர் முன்மாதிரிடா, பெருமைப்படு.

அன்புடன்,
அக்கா


கூலிம்
17.03.2025

அக்கா,

பெருமையா? அத்தனையும் பதிந்தது நான். ஒரே போன். போன கடிதத்தில் முதல் பத்தியிலேயே எழுதியிருந்தேன். நீ படித்த லட்சணம் அது.

ஃபேக்டரியில் சென்சார் செத்த மெஷினுக்கு ஒருவன் கையால் சிக்னல் கொடுத்தால், மெஷின் நன்றாக ஓடுவதாகத்தான் திரை காட்டும். அந்தக் கை நான். அம்மாவுக்காக வைத்த கையைக் காட்டி இப்போது சுங்கை லாலாங் பஸ்ஸையும் பிடுங்குகிறீர்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. மார்ச் 24, திங்கள் முதல் யாருக்கும் பதிய மாட்டேன். எல்லாரிடமும் சொல்லியாயிற்று. "நிறுத்து தம்பி, பாத்துக்கலாம்" என்றார் லோகேஸ்வரி அக்கா.
2. லீவு போட்டு, நண்பன் ஜெரார்டின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை நானே ஏற்றிப் போவேன்.
3. என் பதிவுகள் முழுவதையும் உன் மேலதிகாரிக்கு அனுப்புவேன். உன் தம்பி என்றும் எழுதுவேன்.
4. அன்று காலை ஆறு மணிக்கு அம்மா சர்ச் முன்னால் நிற்பார். போனை அணைத்துவிட்டு நீயும் பக்கத்தில் நில். ஏழு வரை வேன் வருகிறதா பார். பிறகு ஜெரார்டின் காரில் உங்கள் இருவருக்கும் இடம் இருக்கும்.
5. நீ வருவாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வராவிட்டால், ஏன் என்று நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிக்கொள்.

அட்ரியன்