செல்ஃப் சேர்க்க வேண்டிய சொற்கள்

ஜூன் 9, திங்கள்

வெயில் இன்னும் குறையவில்லை. வல்லம் தாண்டியும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. திண்டிவனம் வரை நின்றே போனேன்.

விடுதிப் பள்ளிக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். எங்கள் பதினோராம் வகுப்பில் மூன்று பேர்: நான், மேரி, டவுன் பெண் நந்தினி. சனிக்கிழமை விழுப்புரத்தில் நேர்முகம். அதிலும் தேறினால் அங்கேயே தங்கி இரண்டு வருடம் இலவசமாகப் படிக்கலாம். தன்னைப் பற்றிப் பேச வேண்டுமாம். இங்கிலீஷில்.

அப்பாவிடம் சொன்னேன்.

“அங்க எடம் கெடச்சா படி. இல்லன்னா அக்கா கூட கம்பெனி வண்டி ஏறு. இப்பவே சொல்லிட்டேன்.”

கோபமே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் அம்மா சமாதானப்படுத்தியிருப்பாள்.

அக்கா போவது ஷூ கம்பெனிக்கு. விடியும் முன் வண்டி, இருட்டிய பின் வீடு. பக்கத்தில் படுத்திருக்கிறாள். அவள் போன் வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். அவள் திரும்பிப் படுத்தால் அணைத்துவிடுவேன்.

ஜூன் 10, செவ்வாய்

இங்கிலீஷ் மிஸ் தனியாகக் கூப்பிட்டு ஒரு தாள் கொடுத்தார். நான் பேச வேண்டியது முழுவதும் அதில்.

“அப்படியே மனப்பாடம் பண்ணிடு. யாருக்கும் காட்டாத. மேரிக்கும்தான். போட்டின்னு வந்துட்டா ஃப்ரெண்டெல்லாம் அப்புறம்.”

பெரிய பெரிய வாக்கியம். வினைச்சொல், பிறகு மைசெல்ஃப், அதன் பின்னால் ஒரு குட்டிச் சொல். குட்டிச் சொல் மாறினால் மானம் போய்விடும் என்றார் மிஸ்.

ப்ரைடு மைசெல்ஃப் ஆன்: பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.
டெவோட் மைசெல்ஃப் டு: என்னையே ஒப்படைக்கிறேன்.
அவெய்ல் மைசெல்ஃப் ஆஃப்: வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.
அடாப்ட் மைசெல்ஃப் டு: புது இடத்துக்குப் பழகிக்கொள்கிறேன்.

ஏன் ஒன்றுக்கு ஆன், ஒன்றுக்கு ஆஃப்? கேட்டேன். “அது அப்டித்தான்” என்றார்.

வழக்கம்போல வரிக்கு மேல் பென்சிலால் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். எங்கள் வகுப்பில் எல்லோரும் அப்படித்தான். கண் படிப்பது தமிழ், வாய் சொல்வது இங்கிலீஷ்.

ஐ ப்ரைடு மைசெல்ஃப் ஆன் மை வில்லேஜ். பெருமையா? எங்கள் தெருவுக்கு மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை.

பெஞ்சில் மேரியும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். என்னவென்று கேட்கவில்லை. கேட்டால் அவளும் கேட்பாள்.

ஜூன் 11, புதன்

சாயங்காலம் இடி மட்டும். மழை இல்லை.

அம்மா மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடி பிடுங்கப் போய்க் கையைக் கிழித்துக்கொண்டு வந்தாள். “ஒண்ணுமில்லடி, லேசா கிழிச்சிக்கினேன்.” அந்தக் ‘கினேன்’தான் மைசெல்ஃப் என்று சட்டென்று தோன்றியது. ஆனால் “படிச்சிகினு இருக்கா” என்றும் சொல்கிறாள். அதில் செல்ஃப் இல்லை. எல்லாக் ‘கினு’வையும் நம்ப முடியாது.

மிஸ் இன்னொன்றும் சொன்னார். ஃபீல், ரிலாக்ஸ், கான்சென்ட்ரேட், இவற்றோடு மைசெல்ஃப் போடவே கூடாதாம். குளித்தேன் என்பதற்கும் தேவையில்லையாம்.

பயப்படுவதற்கும் வேண்டாம். ஐ ஆம் அஃப்ரெய்டு. அவ்வளவுதான். இதை மட்டும் மனப்பாடம் செய்யவே வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

நேற்று எழுதவில்லை. அக்கா விழித்துக்கொண்டே இருந்தாள்.

இன்று முழுப் பேச்சும் தடங்கல் இல்லாமல் வந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது ஒருமுறை, பாத்திரம் தேய்க்கும்போது ஒருமுறை. நடுவில் யாராவது கூப்பிட்டால் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அக்கா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். ஷூ ஒட்டும் பசை நாற்றத்தில் சோறே பிடிக்கவில்லையாம்.

“இன்னாடி மந்திரம் ஓதிக்கினே கீற?”
“நாளைக்கிப் பேசணும்க்கா.”
“தப்பா பேசினா அடிச்சிருவாங்களா? ஜல்தி தூங்கு.”



ஜூன் 14, சனி

எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

காலை பஸ். மிஸ், நந்தினி, மேரி, நான். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றது. மேரி கண்ணை மூடி உதடு அசைத்தாள். நானும்.

விழுப்புரத்தில் பெரிய பள்ளிக்கூடம். வராந்தாவில் ஒரே கூட்டம். முதலில் நந்தினி போனாள். அடுத்து என் பெயர்.

“மேரி, நீ முன்னாடி போயேன். எனக்கு பாத்ரூம் வருது.”
“பேஜாருடி உன்னோட.” சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனாள். மிஸ் வாசலில் சொல்லி மாற்றிவிட்டார்.

திரும்பும்போது கொல்லைப் பக்கமாக வந்தேன். அந்த அறையின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மேரி குரல்.

“ஐ ப்ரைடு மைசெல்ஃப் ஆன் மை வில்லேஜ்.”

நின்றுவிட்டேன். அடுத்த வரி, அதற்கடுத்த வரி. என் பேச்சு. ஒரு எழுத்து மாறவில்லை. நான் மூச்சு விடும் இடத்தில் அவளும் விட்டாள். ஜன்னலோரம் ஒரு ஆண் குரல் தமிழில் மெதுவாக, “முன்னாடி வந்த பொண்ணும் இதே தானே மேடம்?” மேரி காதில் விழவில்லை. சொல்லிக்கொண்டே போனாள்.

அடுத்தது நான். வேறு பேச்சு என்னிடம் இல்லை.

உள்ளே ஒரு மேடம், இரண்டு சார். பெயர் சொன்னேன். பிறகு வாயில் ப்ரைடு வந்து நின்றது. விழுங்கினேன்.

மேடம் தமிழில் கேட்டார். “என்னம்மா, நீயும் ப்ரைடு யுவர்செல்ஃபா?”

ஒரு சார் சிரித்தார். “நோ மேடம்” என்றேன்.

“சரி. நேத்து என்ன பண்ண? அத சொல்லு. இங்கிலீஷ்ல.”

சொன்னேன். எல்லாம் குட்டிக் குட்டி வாக்கியம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். பாத்திரம் தேய்த்தேன். என் அக்கா கம்பெனியிலிருந்து வந்தாள். சாப்பிடாமல் தூங்கினாள். ஏன் என்று கேட்டார்கள். பசை நாற்றத்துக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. பேட் ஸ்மெல், ஷூ கம்பெனி என்றேன். இங்கே ஏன் வந்தாய்? “இஃப் ஐ டோன்ட் கம், நெக்ஸ்ட் ஐ கோ இன் தட் வேன்.” இங்கே தனியாக இருந்துவிடுவாயா? “ஐ ஆம் அஃப்ரெய்டு. பட் ஐ வில் ஸ்டே.”

ஒரு இடத்திலும் செல்ஃப் வரவில்லை. மிஸ் எழுதிக்கொடுத்தது அத்தனையும் வீண். தோற்றுவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் மிஸ் போண்டா வாங்கிக் கொடுத்தார். மேரி இரண்டு தின்றாள்.

“என்னைய ஒண்ணுமே கேக்கலடி. ஃபுல்லா சொல்லி முடிச்சேன். வெரி குட், போலாம்னுட்டாங்க. உன்னைய?”
“நேத்து இன்னா பண்ணன்னு கேட்டாங்க.”
“ஐயோ பாவம்.” என் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

ஜன்னலைப் பற்றி நான் சொல்லவில்லை. ஊர் வரும்வரை சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மேரி வீட்டார் கோயிலுக்குப் போனார்கள். வெள்ளைச் சுடிதாரில் தெருமுனையிலிருந்து கத்தினாள். “உனுக்கும் சேத்து ஜெபம் பண்றேண்டி!”

அப்பா கம்பெனி வண்டிக்காரர் நம்பரை அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஜூன் 17, செவ்வாய்

தேறியவர்கள் பெயரை மிஸ் வகுப்பிலேயே படித்துவிட்டார். நந்தினி. பிறகு என் பெயர். அதோடு தாளை மடித்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். மேரியும் தட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டினாள்.

நந்தினியை எதற்கு எடுத்தார்கள் என்று புரிகிறது. அவள் முதலில் சொன்னாள்.

மிஸ் மேரியிடம், “நல்லாத்தானேடி சொன்ன, எங்கயாச்சும் விட்டுட்டியா?” என்றார். மேரி, “இல்ல மிஸ், ஒரு வார்த்த விடல” என்றாள். மிஸ் கரும்பலகை பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ்ஸில் மேரி முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். வகுப்பில் மிஸ் சொல்லித்தந்தது: பை மைசெல்ஃப் என்றால் தனியாக.

ஜூன் 18, புதன்

அப்பா இரும்புப் பெட்டி வாங்கி வந்தார். பூட்டு தனி. அம்மா இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தாள். என்னால் சாப்பிட முடியவில்லை.

இருட்டிய பிறகு மேரியின் அப்பா வந்தார். உள்ளே வரவில்லை. வேலியோரம் நின்றே அக்காவைக் கேட்டார்.

“ஏம்மா, உங்க கம்பெனி வண்டில இன்னொரு ஆளுக்கு எடம் இருக்குமா?”

அக்கா என்னைப் பார்த்தாள்.

“இருக்குது சித்தப்பா. இவுளுக்குன்னு சொல்லிவச்சது.”