நூற்றைம்பது டிகிரி குறைவு

என் வீட்டுக்காரருக்கு,

போனில் சொன்னால் சிரித்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். தண்டையார்பேட்டையில் அம்மா நலம். நான் வந்து பதினோரு நாள் என்று தினமும் எண்ணிச் சொல்கிறாள்.

துறைமுகக் கம்பங்களில் எரியும் பெரிய விளக்குகளை எங்கள் லேப்பில் சோதிக்கிறோம் இல்லையா? எரியும்போது உள்ளே எலக்ட்ரோடு நுனி எவ்வளவு சூடு என்று, விளக்கை வைத்த சோதனைப் பெட்டியின் கண்ணாடி வழியாக அளப்பது என் வேலை. மூன்று நாளாக எல்லா விளக்கும் நூற்றைம்பது டிகிரி குறைவாகவே காட்டியது. எலக்ட்ரோடு சரியில்லை என்று எழுதி அறுபது விளக்கை ஒதுக்கிவிட்டேன். கூட வேலை செய்யும் இன்னாசி வந்து எட்டிப் பார்த்தான்.

"யக்கா, அது நல்லாத்தான் எரிஞ்சிக்கினு கீது. நீ பாக்குற கண்ணாடிய மொதல்ல தொடச்சிப் பாரு."

கண்ணாடி முழுக்க எண்ணூர்க் கரித்தூள். துப்பட்டாவால் ஒரே துடைப்பு, சூடு சரியாக வந்து நின்றது. லேப்பே சிரித்தது. ஒதுக்கிய அறுபதையும் நானே சுமந்து திரும்ப வைத்தேன்.

கிளம்பி வந்த அன்று நம் வீட்டு வாசலில் நின்று, "உங்களுக்கு எம்மேல பாசமே ஆறிப்போச்சு" என்று கத்தினேன். மழை வரும் என்று நீங்கள் உள்ளே போய்க் குடையை எடுத்துவந்து கொடுத்தீர்கள்.

குடை பத்திரமாக இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் கொண்டுவருகிறேன். என் துணிப்பெட்டியையும்.

இப்படிக்கு,
உங்கள் அவசரக்காரி